எண்ணெய் டின்னில் இளையராஜா பாட்டு!

தகரப் பெட்டியும் பாடும். கரண்டு மட்டும் ஜாக்கிரதை!

காலியான 15 கிலோ எண்ணெய் டின் வீட்டில் கிடந்தால் என்ன செய்வார்கள்? அரிசி கொட்டி வைப்பார்கள். தண்ணீர் பிடிப்பார்கள். இல்லையென்றால் பழைய சாமான்காரனுக்குப் போடுவார்கள்.

அதில் வட்டமாக ஓட்டை போட்டு, ஸ்பீக்கர் மாட்டி, ஜம்மென்று பாட்டுக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்!

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர் போர்டு, ஒயர் எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும். புதுப்பேட்டைக்குப் போனால் பழைய கார்களில் கழற்றிய ஸ்பீக்கரும் உண்டு. கையைக் கடிப்பது மரப்பெட்டிதான். தச்சரிடம் செய்யச் சொன்னால், கூலி ஸ்பீக்கர் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு. அதனால்தான் டின், எவர்சில்வர் தூக்கு, பழைய குக்கர் என்று கண் போகிறது.

பெட்டி எதற்கு?

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் காற்றை இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் இந்த இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். தபேலாவின் 'தும்' போய், வெறும் 'கீச் கீச்' மிஞ்சும். பின்பக்கக் காற்றை அடைத்து வைப்பதுதான் பெட்டியின் வேலை. எண்ணெய் டின்னுக்குள் சுமார் 16 லிட்டர் இடம் இருக்கிறது. 4 அங்குல ஸ்பீக்கருக்கு அது தாராளம்.

'ணங்' சத்தம்!

"டின்னில் போட்டால் டின் சத்தம்தானே வரும்?" என்று கேலி செய்வார்கள். அதில் உண்மை உண்டு. மரம் அதிர்வைத் தனக்குள் அடக்கிக்கொள்ளும். தகரம் கோவில் மணி மாதிரி. தட்டினால் பாடிக்கொண்டே இருக்கும்.

அதற்கும் வழி இருக்கிறது. கார் கதவின் உள்பக்கம் ஒட்டுகிற தார் ஷீட்டை டின்னின் உள்சுவரில் ஒட்ட வேண்டும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். பழைய தலையணைப் பஞ்சைத் தளர்வாக அடைக்க வேண்டும். பிறகு விரல் முட்டியால் தட்டினால் 'ணங்' போய் 'தொப்' என்று கேட்கும். அதுதான் பாஸ் மார்க்!

தட்டைச் சுவரைவிட உருண்டைச் சுவர் குறைவாக அதிரும். அதனால் தூக்கும் குக்கரும் டின்னைவிடக் கெட்டி. உலோகப் பெட்டி ஒன்றும் ஏழைக்கு மட்டும் வாய்த்தது அல்ல. பின்லாந்து நாட்டு ஜெனலெக் கம்பெனி, ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களுக்கு அலுமினியப் பெட்டியிலும் ஸ்பீக்கர் செய்கிறது.

எதிரி இரும்புத் தூள்

ஓட்டை போட்டு, அரத்தால் தேய்த்து, டின்னை நன்றாகத் துடைத்த பிறகுதான் ஸ்பீக்கரைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும். சுருளுக்குள் ஒரு துணுக்கு புகுந்தால் போதும், ஆயுசுக்கும் 'கரகர'தான். ஸ்குரூ டிரைவரையும் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். காகிதம் கிழிந்தால் காசு போச்சு!

ஸ்பீக்கர் விளிம்புக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்தால் காற்று கசியாது.

இரண்டு டின் செய்கிறவர்கள் 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரில் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கூம்பும் ஒரே பக்கம் அசைய வேண்டும். மாறி அசைந்தால் ஒயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'தும்' மறுபடியும் காணாமல் போகும்.

உயிருக்கு உலை!

இனிதான் முக்கியம். 230 வோல்ட் கரண்டை நேராக டின்னுக்குள் கொண்டுபோகவே கூடாது. உள்ளே ஒயர் தேய்ந்து தகரத்தில் பட்டால் டின் முழுவதும் ஷாக்! பாட்டை நிறுத்தப்போன கை திரும்பாது. மரப்பெட்டிக்கு இல்லாத ஆபத்து இது.

12 வோல்ட் அடாப்டரில் ஓடும் ஆம்ப்ளிபயரை வெளியே வைத்து, ஸ்பீக்கர் ஒயரை மட்டும் டின்னுக்குள் விடுவதுதான் நல்லது. பஞ்சு சூடாகும் பயமும் இல்லை.

பெட்ரோல், தின்னர் இருந்த டின்னைத் தொடவே வேண்டாம். காலி என்று நினைத்து வெட்டினாலோ, பற்ற வைத்தாலோ உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடித்துவிடும். சமையல் எண்ணெய் டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்தால் போதும். வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். கையுறை அவசியம்.

எல்லாம் முடிந்து பாட்டுப் போட்டாச்சா? கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் எல்லை. செலவு செய்து டின்னின் வாயை அடைத்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறக்க வைக்கலாமா?