நாய்க்குப் புதுப் பந்து: வாங்குமுன் வாயைப் பாருங்கள்!

கடையில் இருந்து புதுப் பந்து ஒன்று வாங்கி வந்து, வீட்டு நாயின் முன்னால் உருட்டிவிடுங்கள்.

முதலில் காதுகள் நிமிரும். பந்து நகர்ந்ததும் ஒரே பாய்ச்சல்! கவ்விப் பிடிக்கும். தலையை உதறும். பிறகு முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கடித்துப் பார்க்கும்.

சில நாய்கள் அப்படிச் செய்வதில்லை. மோந்து பார்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொள்ளும். பிள்ளைகளின் முகம் வாடிவிடும். "நூறு ரூபாய் தண்டம்" என்று அப்பா முணுமுணுப்பார்.

குற்றம் நாயுடையது அல்ல. பந்தை வாங்கியவர்கள் தங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள். விளையாடப் போவதோ நாய். அதன் கண் வேறு, வாய் வேறு. கண் விஷயத்தில் தவறினால் பணம்தான் போகும். வாய் விஷயத்தில் தவறினால் நாயின் உயிரே போய்விடும்.

சிவப்பு தெரியாத கண்

நாய்க்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாகவே தெரியும் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அது சரியல்ல.

1989-ம் ஆண்டில் ஜே நைட்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் நாய்களைச் சோதித்தார்கள். மனிதனின் கண்ணில், நிறத்தை அறியும் அணுக்கள் மூன்று வகை. நாயின் கண்ணில் இரண்டே வகை. அதனால் நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் காண்பது கடினம்.

புல் தரையில் கிடக்கும் சிவப்புப் பந்து, நம் கண்ணுக்குக் கொடியில் பழுத்த கோவைப் பழம்போலப் பளிச்சென்று தெரிகிறது. நாய்க்கோ பந்தும் புல்லும் ஒரே மங்கல் நிறம்! பந்து ஓடும்வரை நாயும் ஓடும். பந்து நின்றதும் அது மறைந்துபோகும். பிறகு மூக்கால்தான் தேடவேண்டும். பந்தைத் தாண்டிப் போய்த் தேடும் நாயை "மக்கு" என்று திட்டுகிறவர்கள் உண்டு. பாவம் அந்த நாய்!

புல் தரைக்கு நீலப் பந்து வாங்குங்கள். மண் தரைக்கும் அதுதான் எடுப்பு.

டென்னிஸ் பந்து மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்கலாம். அது நாய்க்காக வந்த மஞ்சள் அல்ல. டெலிவிஷனில் ஆட்டம் பார்க்கிறவர்களுக்குப் பந்து தெரியவேண்டும் என்று, 1972-ம் ஆண்டில் அந்த நிறத்தை அனுமதித்தார்கள்.

தொண்டையில் சிக்கும் பந்து

இனி, முக்கியமான விஷயம்.

பந்து வழவழப்பானது. நாயின் எச்சில் பட்டால் இன்னும் வழுக்கும். மேலே எறிந்த பந்தை நாய் எகிறிக் கவ்வும்போது, சிறிய பந்தானால் நாக்கைத் தாண்டி நேரே தொண்டைக்குள் போய்விடும். அங்கே குப்பிக்குத் தக்கை வைத்ததுபோல அடைத்துக்கொள்ளும். மூச்சு நின்றுவிடும். சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

சிறிய நாய்க்குப் பெரிய பந்து கொடுத்தால் அதனால் கவ்வ முடியாது, அவ்வளவுதான். பெரிய நாய்க்குச் சிறிய பந்து கொடுப்பதுதான் அபாயம். பிள்ளைகள் தெருவில் விளையாடும் சின்ன ரப்பர் பந்தை ராஜபாளையம் நாயிடம் எறியவே கூடாது. டென்னிஸ் பந்தின் குறுக்களவு ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். மிகப் பெரிய நாய்களுக்கு அதுவும் போதாது.

அளவு பார்ப்பது எளிது. நாய் பந்தைக் கவ்வும்போது, அது முன்பக்கத்துக் கோரைப் பற்களுக்குப் பின்னால் போகாமல் நிற்கவேண்டும். முழுப் பந்தும் வாய்க்குள் மறைந்துவிட்டால் அந்தப் பந்து வேண்டாம். பந்தில் இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. சிக்கிக்கொண்டாலும் கொஞ்சம் காற்று போகும்.

சிக்கிவிட்டால்?

நாய் முன்காலால் வாயைப் பிறாண்டும். சத்தம் வராது. நாக்கு நீலம் பூக்கும். அப்போது விரலை உள்ளே விட்டுக் குத்தினால் பந்து இன்னும் ஆழமாகப் போய்விடும். ஒருவர் வாயை விரித்துப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் கழுத்தின் வெளிப்பக்கம், தாடைக்குக் கீழே, பந்துக்குப் பின்னால் இரண்டு கட்டை விரல்களையும் வைத்து, வாயை நோக்கித் தள்ளவேண்டும். பந்து வெளியே வந்தாலும் வராவிட்டாலும், உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

கிழிந்த பந்தையும் தூக்கி எறிந்துவிடுங்கள். ரப்பர்த் துண்டு குடலில் போய் அடைக்கும். டென்னிஸ் பந்தின் மேல் உள்ள கம்பளியில் மணல் ஏறினால் அது உப்புத்தாள்தான். நாள் முழுவதும் அதைக் கடிக்கும் நாயின் பற்கள் தேய்ந்துபோகும்.

கல்லைக் கடித்த பிரிட்ஸ்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர், பிரிட்ஸ் என்ற அல்சேஷன் நாயை வளர்த்தார். போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நாய் அது. அதற்கு ஒரு கெட்ட பழக்கம். கல்லைக் கடிக்கும்! பற்கள் பாழாயின. எதைக் கொடுத்தாலும் பயன் இல்லை.

ஒரு நாள் மார்க்கம் தன்னுடைய வோக்ஸ்வாகன் வேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றிய சாமான்களில் ஒரு ரப்பர்த் துண்டும் இருந்தது. பிரிட்ஸ் அதைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கல்லை மறந்துவிட்டது!

அந்த வடிவத்தைப் பார்த்தே 1970-களில் மார்க்கம் ஒரு பொம்மை செய்தார். மூன்று உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் இருக்கும். நடுவே ஓட்டை. 'காங்' என்ற பெயரில் அது உலகம் முழுவதும் விற்பனை ஆயிற்று. தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. முயல் வளைந்து வளைந்து ஓடுவதுபோல ஓடும். நாய்க்கு வேறு என்ன வேண்டும்!

கொண்டுவருமா?

ஓடிப் பிடிப்பது ஒன்று. கொண்டுவந்து கொடுப்பது இன்னொன்று. லாப்ரடார் போன்ற நாய்கள், சுட்டு வீழ்த்திய பறவையை எஜமானிடம் கொண்டுவருவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்திப் பிடிக்கிற சாதி. அவை பந்தோடு நின்றுகொண்டு முறைத்தால் கோபிக்க வேண்டாம். கையில் இரண்டாவது பந்து ஒன்றை வைத்துக்கொண்டு ஆட்டிக் காட்டுங்கள். வாயில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடி வரும்.

இந்தக் குணம் ஓநாயிடமே இருந்திருக்கலாம். ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தார் எட்டு வார ஓநாய்க் குட்டிகள் பதின்மூன்றுக்கு டென்னிஸ் பந்து எறிந்து பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஆள் கூப்பிட்டதும், மூன்று குட்டிகள் பந்தைக் கொண்டுவந்தன! 2020-ம் ஆண்டில் இது வெளியாயிற்று.

ஆட்டம் காலையிலோ மாலையிலோதான். நாய்க்குப் பாதத்தில் தவிர வியர்வை கிடையாது. இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பந்துப் பைத்தியம் பிடித்த நாய் தானாக நிற்காது. நீங்கள்தான் நிறுத்தவேண்டும்.

சலித்துப் போனால்?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் லாப்ரடார் நாய்களுக்கு ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். சீக்கிரமே அவற்றுக்குச் சலித்துவிட்டது. வேறு பொம்மையைக் காட்டியதும் பழைய உற்சாகம் வந்துவிட்டது. ஆகவே வீட்டில் நாலு பந்து இருந்தால் ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள். மற்றவை பரண்மேல் இருக்கட்டும். சில நாள் கழித்து மாற்றினால் பழைய பந்தும் புதுப் பந்தாகிவிடும்.

பந்துக்குப் பெயர் வைத்தும் விளையாடலாம். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வு பெற்ற மனோதத்துவப் பேராசிரியர், சேஸர் என்ற தம் நாய்க்கு மூன்று வருஷங்களில் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்பித்தார். அவற்றில் பந்துகள் மட்டும் 116. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்! பெயர் சொன்னால் சேஸர் சரியான பந்தை எடுத்து வரும். 2011-ம் ஆண்டில் அவர் இதை வெளியிட்டார்.

இத்தனை பெயர்களைப் பேராசிரியரால் நினைவு வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு பொம்மையின் மேலும் அதன் பெயரைப் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார். நாய்க்கு அந்த உதவி தேவைப்படவில்லை!