கடலோரப் பிள்ளைகளுக்குக் கடல் நல்லதா?

கடற்காற்று மனசுக்கு நல்லது என்பதை ஆய்வும் ஒப்புக்கொள்கிறது. இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 26,000 பேரின் விவரங்களை அலசி எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் நகரத்து ஏழைக் குடும்பங்களில் மனச்சோர்வும் பதற்றமும் குறைவு என்றார்கள். ஆனால் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியின் 2021 அறிக்கை, உடல்நலம் மிக மோசமாக இருக்கும் இடங்களில் கடலோர ஊர்களையும் சேர்த்தது. இரண்டும் உண்மைதான். கடல் கொடுப்பதைப் பிழைப்பு பறித்துவிடுகிறது.

நம் மீனவக் குப்பங்களில் கடல் கொடுப்பது நன்றாகத் தெரியும். மாலையில் மணலில் கால்பந்து, குளிர்ந்த காற்று, நீச்சல் எல்லாம் உண்டு, பையன்களுக்கு. வயதுக்கு வந்த பெண்ணைக் கரைப்பக்கம் நிற்கவிடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பிழைப்பு பறிப்பதில் முதலாவது தூக்கம். பதின்வயதில் தூக்கம் பிந்தித்தான் வரும். உடம்பின் இயல்பே அது. அப்பா மூன்று மணிக்குப் படகேற வேண்டுமென்றால் இரண்டரைக்கே வீட்டில் விளக்கு எரியும், பாத்திரம் உருளும். இருப்பது ஒரே அறை. முதல் பாடவேளையில் கொட்டாவி விடும் பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்கும் பெயர் சோம்பேறி.

பணக்கவலை இன்னும் கொடுமை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும். பிளஸ் டூ முடிவு வருவதும் கல்லூரிக் கட்டணம் கேட்பதும் இதே மாதங்களில்தான். வட்டிக்கு வாங்கிய பணத்தில் படிக்கப் போகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா?

குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஒக்கிப் புயலின் சுமையும் சேர்கிறது. 2017 நவம்பர் இறுதியில் கடலுக்குள் சிக்கியவர்களில் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று தொடக்கப்பள்ளியில் இருந்த பிள்ளைகள் இன்று பதின்வயதில். உடலைப் பார்க்காத சாவை மனசு எளிதில் நம்பாது. புயல் எச்சரிக்கை வந்தாலே நெஞ்சு படபடப்பது, சாப்பாடு இறங்காதது, யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது போன்றவை தெரிந்தால் அதட்டாதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.