தயிர் இல்லாத வீடு

நம் சங்கத்து விழாக்களில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அன்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. "உங்கள் வீட்டில் தயிரே கிடையாதாமே, நிஜமா?" என்பது முதல் கேள்வி. "அப்படியானால் காப்பிக்கு என்ன செய்கிறீர்கள்?" என்பது இரண்டாவது. "உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையா?" என்பது மூன்றாவது. முதல் இரண்டும் வேடிக்கைக்காகக் கேட்பவை. மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கான பதில், தினமும் தயிர் சாதம் சாப்பிடுகிறவர்களுக்கும் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை. நான் மருத்துவன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பைப் பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

சொல்லும் பொருளும்

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவதற்கு 'வீகன்' என்று பெயர். 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் இதற்கென ஒரு சங்கம் தொடங்கியபோது உருவாக்கிய சொல் அது. நம் நாட்டில் உணவுப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்கும். அதில் பால் அடங்கும். பாலும் சேராத உணவுக்குத் தனி முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2022ல் விதிமுறை வெளியிட்டது. ஆனால் அந்த முத்திரை எல்லாப் பொட்டலத்திலும் இருப்பதில்லை. பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் 'பால் பொடி', 'வே பௌடர்' என்று இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது என் வேலை. கண்ணாடி போட்டுக்கொண்டு கடையில் நின்று படிப்பதால் கடைக்காரர்கள் என்னை ஏதோ இன்ஸ்பெக்டர் என்று நினைக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் துணைவியாருக்குப் பால் குடித்தால் வயிறு உப்புசம் நெடுநாளாக உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். குழந்தைப் பருவத்தில் அது தாராளமாகச் சுரக்கும். வயதாக ஆக உலகில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். இது நோய் அல்ல, இயற்கைதான். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுவதால் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். அவருக்கும் ஒத்துக்கொண்டது. ஆகவே முதலில் வயிற்றுக்காகப் பாலை நிறுத்தினார்.

பிறகு மனத்துக்காகத் தயிரையும் நிறுத்தினார். மாடு கன்று ஈன்றால்தான் பால். ஈனும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட காலத்தில் அந்தக் கன்றுக்கு வீட்டில் இடம் ஏது என்பது அவருடைய கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. "நீங்க சாப்பிடுங்க, நான் தடுக்கலை" என்றார். ஆனால் இருவர் உள்ள வீட்டில் இரண்டு சமையல் எதற்கு? வீட்டில் அவர் உணவே என் உணவு. வெளியில், கல்யாணத்திலும் சங்கத்துப் பந்தியிலும், எனக்குத் தயிர் சாதம் உண்டு. இதை முழு வீகன் என்று சொல்ல முடியாது. முக்கால் வீகன் எனலாம்.

அடுப்படியில் மாறியவை

கணக்கெடுத்துப் பார்த்தால் தமிழ்ச் சமையலில் மாறியது மிகக் குறைவு. இட்லி, தோசை, அடை, புட்டு, இடியாப்பம், சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், கூட்டு, சுண்டல் எதிலும் பால் இல்லை. மேலே ஊற்றும் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். பாயசத்துக்குத் தேங்காய்ப் பாலும் வெல்லமும். மோர்க்குழம்பும் தயிர் வடையும் போயின.

மராட்டியச் சமையலோ இதற்கு இன்னும் கை கொடுக்கிறது. கடலை மாவில் கிண்டும் பிட்லே, சோளத்திலும் கம்பிலும் தட்டும் பாக்ரி, முளைகட்டிய பயற்று உசள், புளியும் வெல்லமும் போட்ட ஆம்டி, நிலக்கடலைச் சட்னி, எள்ளுச் சட்னி, ஆளிவிதைச் சட்னி எல்லாமே பால் இல்லாதவை. மோர் இடத்தைப் பிடித்தது கொங்கணத்துச் சோல்கடி. கோகம் புளியை ஊறவைத்த சாற்றில் தேங்காய்ப் பால் கலந்து, பூண்டும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, கொத்தமல்லி தூவினால் ரோஜா நிறத்தில் ஒரு பானம். சாதத்தில் பிசைந்தும் சாப்பிடலாம்.

தயிருக்கு மாற்றாக நிலக்கடலைத் தயிர் செய்கிறோம். ஒரு தம்ளர் பச்சை நிலக்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, நான்கு தம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கொதிக்கவைக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் எட்டுப் பத்து மணி நேரத்தில் உறையும். அடுத்த முறைக்கு இதிலேயே ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றலாம். கடலை வாசனை போகாது. கடுகு, இஞ்சி, பெருங்காயம் தாளித்தால் அடங்கும். இது தயிர் சாதம்தானா என்று கேட்காதீர்கள். இது வேறு ஒரு நல்ல சாதம்.

காப்பி விஷயத்துக்கு வருகிறேன். சோயாப் பாலைக் கொதிக்கும் டிகாக்ஷனில் ஊற்றினால் திரியும். காப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை அது. பாலை மிதமாகச் சூடாக்கி, சற்று ஆறிய டிகாக்ஷனை அதில் மெல்ல விட்டால் திரிவது குறையும். அவருக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியே பிடித்துவிட்டது. எனக்கு, ஒப்புக்கொள்கிறேன், வெளியே போகும்போது ஒரு பில்டர் காப்பி தேவைப்படுகிறது.

புரதத்துக்குக் கவலையில்லை. அரிசி, கோதுமையில் குறையும் லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் உண்டு. சாதமும் சாம்பாரும், பாக்ரியும் உசளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. சுண்ணாம்புச் சத்துக்கு 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. பசும்பாலில் அதே எடைக்குச் சுமார் 120தான். எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். தானியத்திலும் எள்ளிலும் உள்ள பைட்டேட், உடம்பில் சேருவதைக் கொஞ்சம் தடுக்கும்; ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கும். நம் பாட்டிமார் செய்ததெல்லாம் இதுதான்.

காந்தியடிகளின் சோதனை

இந்தச் சோதனையை நமக்கு முன்பே செய்து பார்த்தவர் காந்தியடிகள். 1912ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டார். 1918ல் கேடா மாவட்டத்தில் கடுமையான சீதபேதியில் விழுந்து, நெடுநாள் உடம்பு தேறவில்லை. மருத்துவர் பால் குடிக்கச் சொன்னார். விரதத்தை முறிக்க அவர் மறுத்தபோது, விரதம் பசும்பாலுக்கும் எருமைப் பாலுக்கும்தானே, ஆட்டுப் பாலுக்கு என்ன தடை என்ற பொருள்படக் கேட்டு வழி காட்டியவர் கஸ்தூர்பா. அங்கே மனைவி பாலைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் மனைவி பாலை வெளியேற்றினார். எப்படியும் சாப்பாட்டு விஷயத்தில் முடிவு யார் கையில் என்பது தெரிகிறது.

புனேயிலிருந்து தௌண்ட் போகும் பாதையில் ஊருளி நிலையத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த ஊருளி காஞ்சனில் 1946ல் காந்தியடிகள் இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தொடங்கினார். அதை ஏற்று நடத்திய மணிபாய் தேசாய் 1967ல் அதே ஊரில் 'பைஃப்' என்ற நிறுவனத்தை நிறுவினார். நாட்டுப் பசுக்களை ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இனங்களோடு கலந்து பால் வளத்தைப் பெருக்குவதில் பெயர் பெற்றது அது. பால் இல்லாமல் வாழ முயன்றவரின் சீடர், ஏழை விவசாயிக்குப் பால்மாடு கொடுத்தார். இரண்டுக்கும் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

காந்தியடிகள் தேடிய விடையின் ஒரு முக்கியப் பகுதி அவர் மறைந்த அதே 1948ல்தான் கிடைத்தது. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வைட்டமின் பி12ஐத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

பி12 என்னும் கணக்கு

பால் நிறுத்திய சில ஆண்டுகளில் என் துணைவியாருக்கு இரண்டு பாதமும் மரத்துப் போகத் தொடங்கின. செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. இருட்டில் நடந்தால் தள்ளாட்டம். ஒரு மருத்துவர் வயதுக் கோளாறு என்றார். இன்னொருவர் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். மிகவும் குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள், பின் மாத்திரை. மரப்பு மெல்ல மெல்ல, பல மாதங்களில், பெரும்பாலும் போயிற்று. முழுவதும் போகவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் நரம்புச் சேதம் நிலைத்திருக்கும் என்றார் மருத்துவர்.

பி12ஐச் செடிகள் செய்வதில்லை, விலங்குகளும் செய்வதில்லை. சில நுண்கிருமிகளே செய்கின்றன. மாட்டின் இரைப்பையில் அவை வாழ்வதால் பாலில் அது வருகிறது. நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டிலிருந்து இரண்டரை மைக்ரோகிராம். கல்லீரலில் கையிருப்பாக 2,000 முதல் 5,000 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். வரவு நின்றாலும் ஸ்டோர்ஸ் கையிருப்பில் பல ஆண்டுகள் வண்டி ஓடும். அதனால்தான் பால் நிறுத்திய உடனே ஒன்றும் தெரிவதில்லை. மேலே பளபளவென்று இருக்கும் தண்டவாளத்தின் உள்ளே விரிசல் வளர்வதைக் கண்ணால் காண முடியாது. அல்ட்ராசானிக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். இங்கே ரத்தப் பரிசோதனைதான் அந்தக் கருவி.

இன்னொரு சிக்கலும் உண்டு. கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் என்னும் சத்து நன்றாகக் கிடைக்கும். அது ரத்தசோகை வெளியே தெரியாமல் மறைத்துவிடலாம். நரம்புக் கேடு மட்டும் உள்ளே தொடரும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது.

இட்லி மாவின் புளிப்பிலும் ஸ்பைருலினா பாசியிலும் பி12 இருக்கிறது என்பார்கள். பாசியில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்கு உதவாத போலி வகை. புளித்த மாவை நம்பியும் இருக்க முடியாது. பால் அறவே இல்லையென்றால் மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோதான் வழி.

பால் குடிப்பவர்களும் படிக்கவேண்டிய பகுதி

"நாங்கள்தான் பால் சாப்பிடுகிறோமே" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 100 மில்லி பசும்பாலில் பி12 சுமார் அரை மைக்ரோகிராம்தான். காலையும் மாலையும் காப்பிக்கு 100 மில்லி வீதம் பால் ஊற்றினால் ஒரு மைக்ரோகிராம். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதில் அதிலும் ஒரு பகுதி அழியும். ஒரு கிண்ணம் தயிர் சேர்த்தாலும் தேவையைத் தொடுவது கடினம்.

இதை வெறும் கணக்காக விடாமல் ஆராய்ந்து காட்டியது நம் புனேதான். நம்மவர்கள் காப்பிப் பொடி வாங்கப் போகும் அதே ராஸ்தா பேட்டில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1993 முதல் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களின் தாய்மார்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தத் தாய்மார்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கர்ப்ப காலத்தில் பி12 குறைவு. பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மை அதிகம் என்று 2008ல் வெளியிட்டார்கள். நடுவயது ஆண்களை ஆராய்ந்து 2006ல் வெளியிட்டதிலும் பெரும்பாலோருக்குக் குறைவு. கிராமத்தாரைவிட நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தாரிடம் அது அதிகம். நம் சங்கத்து உறுப்பினர் பட்டியல்தானே அது!

செய்யவேண்டியவை

ஐம்பதைத் தாண்டிய சைவர்கள், பால் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், ஒரு முறை பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து, உணவில் உள்ளதை எடுத்துக்கொள்ளும் திறனும் குறைகிறது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். அது பி12 சேர்வதைக் குறைக்கும். கர்ப்பமாக இருக்கும், அல்லது கர்ப்பத்துக்குத் திட்டமிடும் மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கு முதலிடம். பாத மரப்பு, தள்ளாட்டம், நாக்கு எரிச்சல், மறதி, காரணமில்லாத அசதி ஆகியவற்றை வயசு என்று தள்ளிவிடாதீர்கள்.

குறைவு என்று தெரிந்தால் மருந்து எளிது. மாத்திரையில் 1,000 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். குடல் ஒரு வேளையில் முறையாக எடுத்துக்கொள்வது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான். மீதியில் நூற்றுக்கு ஒன்று தானாக உள்ளே கசியும். அந்தக் கசிவுக்காகத்தான் அத்தனை பெரிய அளவு. உங்களுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது மாத்திரை டப்பா ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் பரிசோதனையிலும் அளவு எல்லைக்கோட்டில் இருந்ததால் நானும் சாப்பிடுகிறேன். ஒருவருடைய கொள்கைக்காக வீடு முழுவதும் சாப்பாட்டை மாற்றிக்கொள்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. சில மாதங்களில் நாக்கு பழகிவிடும். நாக்குக்குத் தெரியாத சத்தைத்தான் நினைவு வைத்துக்கொண்டு சேர்க்க வேண்டும். அடுத்த சங்க விழாவில் என்னைப் பார்த்தால் காப்பியைப் பற்றிக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. பி12 பார்த்துவிட்டேன் என்று சொன்னால் மகிழ்வேன்.