படர்தாமரை ஏன் வளையமாகப் படர்கிறது?

கபடிப் பயிற்சி முடிந்து வந்த பையன் இடுப்பைச் சொறிந்துகொண்டே இருக்கிறான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு ரூபாய் நாணய அளவில் சிவப்பு வளையம். ஓரம் தடித்துச் செதில் செதிலாக இருக்கிறது; நடுவில் மட்டும் தோல் தெளிந்திருக்கிறது.

ஆங்கிலப் பெயரில் புழு இருந்தாலும் படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குத் தீனி. ஒரு புள்ளியில் தொடங்கி வெளிப்பக்கமாக மேய்ந்துகொண்டே போகும். உடலின் எதிர்ப்புச் சக்தி பின்னாலேயே வந்து நடுப்பகுதியை ஆற்றும். அதனால்தான் வளையம்.

கபடியில் தோலோடு தோல் உரசுகிறது, வியர்வையில் தோல் ஊறுகிறது, சிராய்ப்பு வழிவிடுகிறது. ஆடுகள விரிப்பில் (மேட்) உதிர்ந்த செதில்களில் பூஞ்சை வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விரிப்பைக் குறைசொல்லும் நாம், ஒரே துண்டால் ஐந்து பேர் முகம் துடைப்பதைக் கண்டுகொள்வதில்லை!

ஆடியதும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஈர உடையோடு திரியக் கூடாது. விரிப்பை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, பிறகு கிருமிநாசினி தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை ஈரமாகவே விடவேண்டும். தடவிய கையோடு துடைத்தால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புதான் பெரிய வில்லங்கம். அரிப்பு அடங்கும், பூஞ்சையோ சத்தமில்லாமல் பரவும். மருத்துவர் தரும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பை, வளையம் மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை பூசவேண்டும்.

கபடியைப் போலவே தோலோடு தோல் உரசும் அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில், உடம்பில் படர்தாமரை வந்தவர் குறைந்தது 72 மணி நேரச் சிகிச்சைக்குப் பிறகே களமிறங்கலாம்.