ஸ்விங் தாளத்தை கம்ப்யூட்டரில் எழுதுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்வோம், பாட்டு கேட்போம், படம் பார்ப்போம். அதே கம்ப்யூட்டரில் இசைக் குறிப்புகளை எழுதி, அவற்றை உடனே வாசிக்கச் செய்து கேட்கவும் முடியும். இதற்கான புரோகிராம்களை நொட்டேஷன் சாப்ட்வேர் என்கிறோம். இவை நாம் எழுதியதைத்தான் வாசிக்கும். மனதில் நினைத்ததை வாசிக்காது. இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்க அணிவகுப்புக் குழுக்களின் டிரம்களுக்கு ஸ்விங் தாளம் எழுதுவது. எப்படி என்று பார்ப்போம்.

டிரம்லைன் என்பது என்ன?

அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி மார்ச்சிங் பேண்டுகளிலும், டிரம் கோர் என்னும் குழுக்களிலும் தோளில் மாட்டிய டிரம்களுடன் நடந்துகொண்டே வாசிப்பார்கள். இந்த வரிசைக்கு டிரம்லைன் என்று பெயர். ஸ்நேர் டிரம்கள், ஒருவரே பல டிரம்களைச் சுமக்கும் டெனார்கள், சுருதி வாரியாக அமைந்த பாஸ் டிரம்கள் இதில் இருக்கும். டிரம் கோர் குழுக்களுக்கான டி.சி.ஐ. அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் போட்டி 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டரில் நடந்தது. கலிபோர்னியாவின் கான்கார்டு நகரைச் சேர்ந்த புளூ டெவில்ஸ் போன்ற குழுக்கள் ஜாஸ் இசையைத் தேர்ந்தெடுத்து வாசிப்பதில் பெயர் பெற்றவை. ஜாஸ் வந்தால் ஸ்விங்கும் வந்துவிடும்.

ஸ்விங் என்பது என்ன?

ஒரு தட்டு நீளமுள்ள குறிப்பை குவார்ட்டர் நோட் என்பார்கள். அதில் பாதி எய்த் நோட். நம் பழைய கணக்கில் சொன்னால் கால், அரைக்கால். சாதாரணமாக ஒரு தட்டில் இரண்டு எய்த் நோட்கள் சம அளவில் விழும். ஸ்விங்கில் முதலாவது நீளும். இரண்டாவது தாமதமாக வந்து குறுகும்.

"தகிட, தகிட" என்று வாயால் சொல்லிப் பாருங்கள். இப்போது நடுவிலுள்ள "கி"யை மட்டும் ஒலிக்காமல் விட்டுவிடுங்கள். "த-ட, த-ட" என்று ஒரு துள்ளல் கிடைக்கிறதல்லவா? ஏறக்குறைய இதுதான் ஸ்விங்.

சிக்கல் எங்கே?

ஜாஸ் இசையில் பெரும்பாலும் சம அளவு எய்த் நோட்களையே எழுதிவிட்டு, மேலே "ஸ்விங்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுவார்கள். எவ்வளவு நீட்டுவது என்பது கலைஞரின் விருப்பம். ஒரே ஒரு டிரம்மர் வாசிக்கும்போது இதில் தவறில்லை. ஒன்பது பேர் ஒரே அடியை ஒரே கணத்தில் அடிக்க வேண்டிய ஸ்நேர் வரிசையில் இது போதாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்திற்கு 120 தட்டுகள் என்றால் ஒரு தட்டு 500 மில்லி செகண்ட். சம அளவு என்றால் இரண்டாவது அடி 250-ல் விழும். 60 சதவீத ஸ்விங் என்றால் 300-ல். "தகிட" கணக்கில் 333-ல். 75 சதவீதம் என்றால் 375-ல். ஒருவர் 60 என்றும் பக்கத்திலிருப்பவர் 75 என்றும் எடுத்துக்கொண்டால் இடைவெளி 75 மில்லி செகண்ட். காதுக்கு அது இரண்டு தனித்தனி அடிகளாகவே கேட்கும்.

வேகமும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆண்டர்ஸ் ஃப்ரிபெர்க், ஆண்ட்ரியாஸ் சுண்ட்ஸ்ட்ரோம் ஆகிய இருவர் ஜாஸ் டிரம்மர்களின் வாசிப்பை அளந்து 2002-ல் கட்டுரை வெளியிட்டனர். மெதுவான பாடல்களில் நீண்ட நோட்டுக்கும் குறுகிய நோட்டுக்கும் உள்ள விகிதம் 3.5:1 வரை சென்றது. மிக வேகமான பாடல்களில் 1:1-க்கு, அதாவது சம அளவுக்கே வந்துவிட்டது. ஆகவே "ஸ்விங்" என்ற ஒரு சொல்லுக்கு ஒரே அளவு என்பது கிடையாது.

எந்த புரோகிராம்?

நான் பயன்படுத்துவது மியூஸ்ஸ்கோர். இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். 2024 முதல் மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ என்று அழைக்கப்படுகிறது. இங்கே சொல்லும் வழிகள் அதன் நான்காம் பதிப்பிற்கானவை. புதிய ஸ்கோர் தொடங்கும்போது, கருவிகளைத் தேடும் கட்டத்தில் "மார்ச்சிங்" என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்தால் இவ்வகை டிரம்கள் பட்டியலில் வரும்.

முதல் வழி: ஸ்விங் செட்டிங்

சம அளவு எய்த் நோட்களையே எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் கீழ்க்கண்டபடி செயல்படவும்.

1. பார்மட் மெனு சென்று ஸ்டைல் என்பதைக் கிளிக் செய்திடவும்.
2. கிடைக்கும் விண்டோவின் இடப்பக்கப் பட்டியலில் ஸ்கோர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
3. ஸ்விங் செட்டிங்ஸ் பகுதியில் ஆஃப் என்பதற்குப் பதிலாக எய்த் நோட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.
4. அருகிலுள்ள சதவீதத்தை அமைத்து ஓகே கொடுக்கவும். "தகிட" கணக்கு வேண்டுமெனில் 67 என அமைக்கலாம்.

இப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் துள்ளலுடன் கேட்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த செட்டிங் ஒலியை மட்டுமே மாற்றுகிறது. அச்சிட்ட தாளில் எந்த மாற்றமும் இருக்காது. "ஸ்விங்" என்ற சொல்லைக்கூட நீங்கள்தான் சேர்க்க வேண்டும். முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், ஷிப்ட், டி கீகளை ஒருசேர அழுத்தினால் வேகக் குறிப்பு எழுதும் இடம் கிடைக்கும். அதில் டைப் செய்திடலாம்.

இரண்டாம் வழி: டிரிப்லெட்

ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து எழுதுவது டிரிப்லெட். விளக்கம் தேவைப்படாத வழி இது. தாளில் இருப்பதே ஒலி.

1. என் கீயை அழுத்தி நோட் எழுதும் நிலைக்கு வரவும்.
2. எண் 5-ஐ அழுத்தினால் குவார்ட்டர் நோட் தேர்வாகும். இப்போது கண்ட்ரோல் கீயுடன் 3-ஐ அழுத்தவும். தட்டு மூன்றாகப் பிரியும்.
3. மீண்டும் 5-ஐ அழுத்தி நீண்ட அடியை எழுதவும்.
4. எண் 4-ஐ அழுத்தி குறுகிய அடியை எழுதவும்.

டிரம்லைன் இசையில் சாதாரண அடிகள் மட்டும் வருவதில்லை. நோட்டின் தண்டில் ஒரு குறுக்குக் கோடு போட்டால் அந்த இடத்தில் ஒரே கையால் இரண்டு அடிகள். சம அளவு எய்த் நோட்டின் மீது கோடு போட்டு "ஸ்விங்" என்று எழுதினால், அந்த இரண்டு அடிகள் எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு பதில் வரும். டிரிப்லெட்டின் மூன்று நோட்களிலும் கோடு போட்டால் ஒரு தட்டுக்குச் சரியாக ஆறு அடிகள். சந்தேகத்திற்கு இடமே இல்லை.

மூன்றாம் வழி: 12/8

பாடல் முழுவதும் ஸ்விங் என்றால் ஒவ்வொரு தட்டின் மேலும் 3 என்ற எண் நின்று தாளை அடைத்துவிடும். அப்போது 12/8 தாளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இதில் ஒரு தட்டுக்கு மூன்று எய்த் நோட்கள் இயல்பாகவே உண்டு. குவார்ட்டர் நோட் ஒன்று, எய்த் நோட் ஒன்று என எழுதினால் அதுவே ஸ்விங். இங்கே இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, வேகத்தைப் புள்ளி வைத்த குவார்ட்டர் நோட்டுக்கு 120 என அமைக்க வேண்டும். புள்ளியில்லாமல் 120 என்றே விட்டுவிட்டால், தட்டின் வேகம் நிமிடத்திற்கு 80 ஆகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, ஸ்விங் செட்டிங்கை ஆஃப் செய்துவிடவும். இல்லையேல் சரியாக எழுதியதையே புரோகிராம் மறுபடியும் இழுத்துத் தள்ளும், தாளம் நொண்டும்.

எந்தத் தாளம் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் நோட்கள் புதிய கட்டங்களில் அடுக்கப்படுமே தவிர, ஸ்விங்காக மாறாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

என் ஆலோசனை இதுதான். பாடலின் துள்ளல் எப்படி இருக்கும் என்று யோசிக்கும் கட்டத்தில் முதல் வழி மிக வசதியானது. சதவீதத்தை மாற்றி மாற்றிக் கேட்கலாம். குழுவின் உண்மையான வேகத்திலேயே கேட்டு முடிவு செய்யுங்கள். பிளேயர்களின் கையில் கொடுக்கும் தாளுக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது வழியே நல்லது. நடுவில் சில தட்டுகள் மட்டும் ஸ்விங் என்றால் டிரிப்லெட். முழுவதும் என்றால் 12/8.

மூன்றாகப் பிரித்தால் சரியாக வராத தாளங்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலங்களில் பிராஸ் பேண்டுகள் வாசிக்கும் செகண்ட் லைன் தாளம் சம அளவுக்கும் ஸ்விங்குக்கும் இடையில் நிற்கும். அதை எழுத்தில் பிடிப்பது கடினம். அங்கே சம அளவிலேயே எழுதி, ஸ்விங் செட்டிங்கில் 55 முதல் 60 வரை அமைத்து, அந்த ஒலியைக் குழுவினர் அனைவருக்கும் ஒரே மாதிரியாகக் கொடுப்பது நல்லது. தாள் சொல்லாததை ஒலி சொல்லும்.

எழுதி முடித்தபின்

ஆட் மெனுவில் டெக்ஸ்ட் பிரிவில் ஸ்டிக்கிங் என்று ஒன்று இருக்கும். வலக்கைக்கு ஆர், இடக்கைக்கு எல் என ஒவ்வொரு அடிக்கும் கீழே எழுத இது உதவும். அனைவரின் கைகளும் ஒன்றாக உயர்ந்து இறங்கினால்தானே வரிசை அழகாகத் தெரியும்?

பின்னர் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று, தாளுக்கு பி.டி.எப்., பயிற்சிக்கு எம்.பி.3 என இரண்டு பைல்களைத் தயாரித்துக்கொள்ளவும். மியூசிக் எக்ஸ்.எம்.எல். வடிவிலும் ஒரு நகல் வைத்திருங்கள். பல ஆண்டுகள் பெரிதும் பயன்பாட்டில் இருந்த ஃபினாலே புரோகிராமின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. எந்த புரோகிராமும் நிரந்தரமல்ல. வேறொன்றில் திறக்கும்போது ஸ்விங் சதவீதம் கூடவே வரும் என்று நம்பியிருக்க முடியாது. டிரிப்லெட்டாக எழுதிய அடி எங்கு திறந்தாலும் அதே இடத்தில்தான் விழும்.

முதலில் நான்கு தட்டுகள் கொண்ட ஒரே ஒரு பார் எழுதுங்கள். மூன்று வழிகளிலும் எழுதிக் கேட்டுப் பாருங்கள். வேறுபாட்டை உங்கள் காதே சொல்லிவிடும்.