மெலிந்த குழந்தையும் மறைந்திருக்கும் ஆபத்தும்



மாரடைப்பும் சர்க்கரை நோயும் வசதியுள்ளவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும்தான் வரும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். எடை குறைந்து பிறக்கும் ஓர் ஏழைக் குழந்தைக்கும் அந்நோய்களுக்கும் சம்பந்தம் உண்டு என்றால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். ஆனால் பல நாட்டுக் குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள் அதையே கண்டிருக்கிறார்கள். இந்த உண்மை வெளிப்பட ஒரு மிஷன் மருத்துவமனையும் உதவியது.

மைசூரில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனெரிகள் 1906-ல் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், குழந்தைகள் பிறந்தவுடன் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவற்றை அளந்து எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவேடுகளைக் கொண்டு, 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்த 517 பேரை 1990-களில் தேடிக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். 1996-ல் முடிவு வெளியானது. பிறக்கும்போது 2.5 கிலோவும் அதற்குக் குறைவாகவும் இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய இரத்தக்குழாய் நோய் இருந்தது. 3.1 கிலோவுக்குக் குறையாமல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் இருந்தது. தாயும் 45 கிலோவுக்குக் குறைந்தவராக இருந்தால், எடை குறைந்து பிறந்தவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு அந்நோய் காணப்பட்டது.

புனேயும் லண்டனும்

காரணம் என்ன? புனேயிலும் லண்டனிலும் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. லண்டனின் வெள்ளைக்காரக் குழந்தைகள் சராசரியாக ஏறக்குறைய 3.5 கிலோ, புனே குழந்தைகள் 2.8 கிலோ. ஆனால் முதுகுத் தோலின் கீழுள்ள கொழுப்பு மட்டும், எடை குறைந்த அளவுக்குக் குறையவில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும் நம் குழந்தைகளுக்கே அதிகமாக இருந்தது. வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு!

கருவில் ஆகாரம் போதாதபோது, குழந்தையின் உடல் மூளையைக் காப்பாற்றிக்கொண்டு தசையைக் குறைத்துக்கொள்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகம் செலவழிப்பது தசைதான். தசை குறைந்த உடலில் பிற்காலத்தில் கொழுப்பும் கூடினால், சர்க்கரையை அடக்கக் கணையம் பெரும்பாடு படவேண்டியிருக்கிறது.

நாடு மாறினாலும் இந்த வித்தியாசம் மறைவதில்லை. 2004 முதல் 2007 வரை இங்கிலாந்துப் பள்ளிகளில் 9, 10 வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிட இன்சுலினும் ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பும் அதிகமாக இருந்தன.

கொழுக்க வைத்தால் தீருமா?

எடை குறைந்த பிள்ளையைச் சீக்கிரம் கொழுகொழுவென்று ஆக்கிவிட வேண்டும் என்று தாயும் பாட்டியும் விரும்புவது இயல்பே. டெல்லியில் 1969-க்கும் 1972-க்கும் இடையில் பிறந்தவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு (2004) வேறு பாடம் கற்பிக்கிறது. இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு கண்டவர்கள், கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, 2 வயதுக்குப் பின் உயரத்தை மீறி எடை கூடியவர்கள். 12 வயதில் அவர்களில் எவரும் குண்டான பிள்ளை அல்ல!

ஆகையால் உதவி முன்னதாகவே தொடங்கவேண்டும். வாலிபப் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சத்தான உணவு வேண்டும். கர்ப்பகாலத்தில் இரத்த சர்க்கரைப் பரிசோதனை வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் கண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு 9 வயதிலேயே உடல் கொழுப்பும் இன்சுலினும் கூடுதலாக இருந்ததை மைசூரிலேயே பின்னர் கண்டார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு பருப்பும் முட்டையும் கீரையும் வேண்டும். இனிப்பும் பிஸ்கட்டும் அவற்றுக்கு ஈடாகா. எடையோடு உயரத்தையும் அளக்கவேண்டும்.

உங்கள் காணிக்கை ஒரு தராசாகவும், ஒரு பரிசோதனையாகவும், ஒரு நர்ஸின் பதிவேடாகவும் மாறுகிறது. அன்று மைசூர் பிரசவ வார்டில் அளவெடுத்து எழுதிய சகோதரிகள், தங்கள் எழுத்து இத்தனை பேருக்குப் பயன்படும் என்று அறிந்திருக்கமாட்டார்கள். சிறிய ஊழியத்தையும் கர்த்தர் வீணாக்குவதில்லை.

ஜெபக் குறிப்புகள்

1. கிராமங்களில் எடை குறைந்த கர்ப்பிணித் தாய்மார் ஏற்ற காலத்தில் பரிசோதனைக்கு வர.
2. எடை குறைந்து பிறந்த பிள்ளைகள் நல்ல வளர்ச்சியடைய.
3. வீடு வீடாகச் சென்று அளவெடுக்கும் சுகாதார ஊழியர்களின் பெலனுக்காக.