கீழக்கரையில் ஒரு நாள்



அண்மையில் கோவை குனியமுத்தூரில் ஒரு நிக்காஹ் வைபவத்துக்குச் சென்றிருந்தேன். விருந்து முடிந்த வேளையில் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவர் என் அருகே வந்து அமர்ந்தார். வெளிநாட்டில் பணிபுரிபவர். விடுமுறையில் மொராக்கோ நாட்டுக்குச் சென்று வந்ததாகக் கூறித் தம் கைப்பேசியிலுள்ள படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஃபாஸ் என்னும் பழம்பெரும் நகரை ஒரே நாளில் சுற்றிக் காட்டுவதற்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக் கொண்டாராம். அந்நகரின் சிறப்புகளை அவர் சொல்லச் சொல்ல நானும் மகிழ்ந்து கேட்டேன். பிறகு, ‘நம் கீழக்கரையைப் பார்த்திருக்கிறீர்களா, தம்பி?’ என்று வினவினேன்.

‘இல்லை, ஹஜ்ரத். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. ஏனெனில், சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். அன்று அவருக்குச் சொன்ன மறுமொழியையே இன்று உங்கள் முன்னும் வைக்கிறேன்.

ஃபாஸ் நகரம் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதன் பழைய நகர்ப்பகுதியில் மோட்டார் வாகனங்கள் நுழைவதில்லை. ஆயிரக்கணக்கான சந்துகளில் கோவேறு கழுதைகளே இன்றும் சுமை சுமந்து செல்கின்றன. புதியவர் ஒருவர் அங்கே வழிகாட்டி இல்லாமல் நடந்தால் வழி தவறுவது உறுதி. அங்குள்ள கரவிய்யீன் பள்ளிவாசலை கி.பி. 859-இல் நிறுவியவர் பாத்திமா அல்-ஃபிஹ்ரீ என்னும் பெண்மணி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வணிகரான தந்தை விட்டுச் சென்ற செல்வத்தை அவர் இறையில்லத்துக்கே செலவிட்டாராம். அப்பள்ளிவாசலே பின்னர் உலகப் புகழ்பெற்ற கல்விக்கூடமாக வளர்ந்தது. அந்தப் பழைய நகரை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 1981-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

அந்த ஃபாஸ் நகருக்கும் நம் தமிழ்க் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்களா? மொராக்கோவின் தாஞ்சா நகரில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா, உலகை வலம் வந்த பயணத்தில் 1340-களில் இலங்கையிலிருந்து நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீனின் மனைவியும் இவருடைய மனைவியும் உடன்பிறந்த சகோதரிகள். அத்தகைய உறவு இருந்தும், அந்த சுல்தான் செய்த கொடுமைகளை அவர் மறைக்காமல் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். மதுரையில் மக்களை வாரிச் சென்ற கொள்ளைநோயையும், ‘பத்தன்’ என்னும் துறைமுகத்தையும் அவர் குறிப்பிடுகிறார். பல ஆண்டுகளுக்குப் பின் ஃபாஸ் நகருக்குத் திரும்பிய அவரை, அந்நாட்டு மன்னர் அபூ இனான் தம் பயணங்களைச் சொல்லுமாறு பணித்தார். இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் அதனை எழுதி 1355-இல் நூலாக முடித்தார்.

அன்பர்களே! ஒருவர் சொன்னார், மற்றவர் எழுதினார், பின்வந்தோர் படித்தார்கள். இம்மூன்றும் நிறைவேறியதால் அல்லவா ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மதுரையை நாம் இன்று அறிகிறோம்? எழுதப்பட்டும் படிக்கப்படாமல் போயிருந்தால் அந்நூலால் யாருக்கு என்ன பயன்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு என்னுடன் கீழக்கரைக்கு வாருங்கள்.

கோவையிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு, மதுரை வழியாக இராமநாதபுரத்தை அடைந்து, அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் மன்னார் வளைகுடாவின் கரையில் கீழக்கரை இருக்கிறது. முத்துக் குளிப்பும் சங்குக் குளிப்பும் கடல் வாணிபமும் வளர்த்த ஊர் அது. எனக்கு அங்கே வழிகாட்டியாக அமைந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். நண்பர் ஒருவரின் கடிதத்தைக் கொண்டு சென்றேன். அவ்வளவுதான் எங்களிடையே இருந்த அறிமுகம். ‘வாங்க ஆலிம்சா, முதலில் பசியாறுங்கள். ஊர் எங்கும் ஓடிப்போகாது’ என்று வரவேற்றார். அவ்வூர் வழக்கப்படி நானும் அவரைக் ‘காக்கா’ என்றே அழைத்தேன்.

முதலில் அவர் என்னை அழைத்துச் சென்றது பழைய ஜும்ஆப் பள்ளிக்கு. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கருங்கல் கட்டடம் அது. வரிசை வரிசையாகக் கல்தூண்கள். அவற்றின் மேல் தமிழகச் சிற்பிகள் காலங்காலமாகச் செதுக்கிவந்த பூவேலைப் போதிகைகள். உருவம் ஒன்றும் இல்லை. பூவும் கொடியும் மட்டுமே. ‘இந்தத் தூணைத் தொட்டுப் பாருங்கள், ஆலிம்சா. தொழுகை நம்முடையது, உளி இந்த மண்ணுடையது’ என்றார் காக்கா. ஃபாஸ் நகரப் பள்ளிவாசல்களில் அந்நாட்டு ஓட்டுவேலையும் மரவேலையும் விளங்குகின்றன என்றால், இங்கே நம் நாட்டுக் கல்வேலை விளங்குகிறது.

அப்பள்ளியின் வளாகத்தில்தான் வள்ளல் சீதக்காதி என்று நாடறிந்த ஷைகு அப்துல் காதிர் மரைக்காயர் அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். கிழவன் சேதுபதி மன்னருக்கு உற்ற நண்பராக விளங்கிய பெருவணிகர். படிக்காசுப் புலவர் முதலிய தமிழ்ப் புலவர்களை மத வேறுபாடு பாராமல் ஆதரித்தவர். உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடத் தொடங்கியதும் அவருடைய தூண்டுதலால்தான். நூல் முடியும் முன்பே வள்ளல் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவளித்துப் பணியைத் தொடரச் செய்தார் என்பது வரலாறு. அதே பள்ளியில் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களும் அடங்கியிருக்கிறார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து அரபு மொழியில் உயர்ந்த கவிதைகளை இயற்றிய மேதை அவர்கள். செல்வரும் புலவரும் ஆலிமும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் கைகோத்து நின்றதன் பயனை நம் சமுதாயம் இன்றளவும் அனுபவித்து வருகிறது.

லுஹர் தொழுகைக்குப் பின் அரூஸிய்யா தைக்காவைக் காட்டினார். தைக்கா சாகிபு (ரஹ்) அவர்களின் மருமகனாதலால் ‘மாப்பிள்ளை லெப்பை ஆலிம்’ என்று அழைக்கப்பட்ட செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அறிவுப்பணி ஆற்றிய இடம் அது. ‘மகானீ’ என்னும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட விளக்க நூலை அவர்கள் அரபுத் தமிழில் எழுதினார்கள். இலங்கையிலும் அவர்களுடைய தொண்டு பரவியிருந்தது.

அரபுத் தமிழ் என்பது என்ன? இளைய தலைமுறையினர் கேட்கக்கூடும். மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்து நம் முன்னோர்கள் புதிய எழுத்துகளை அமைத்துக் கொண்டார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த எந்தப் பெண்ணும் சிறிது பயிற்சியால் அந்த நூல்களைப் படித்துவிடலாம். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காத நம் வீட்டுப் பெண்களுக்கு மார்க்க அறிவை வழங்கியவை அந்த நூல்களே. அவர்கள் படிப்பதோடு நின்றார்களில்லை. கீழக்கரையைச் சேர்ந்த செய்யிது ஆசியா உம்மா அவர்கள் ஞானப் பாடல்களை இயற்றிப் புகழ்பெற்றவர்கள்.

அஸருக்குப் பின் காக்கா தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, மேலட்டை போன ஒரு கல்லச்சுப் புத்தகத்தை எடுத்து வந்தார். ‘எங்கள் உம்மா ஓதியது’ என்று சொல்லி, இடையில் ஒரு பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்தார். ஒளூச் செய்யும் முறை. முகம் என்பது எதுவரை? நெற்றியில் முடி முளைக்கும் இடம் தொட்டு மோவாயின் கீழ்வரை, ஒரு காதுச் சோணை தொட்டு மறு காதுச் சோணை வரை என்று அந்தப் பக்கம் விளக்கிக்கொண்டே சென்றது.

வாசகர்களே! எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. அதே சொற்கள், அதே இழுப்பு, அதே நிறுத்தம். ஐந்து வயதில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் என்னை உட்கார வைத்து, என் முகத்தில் தம் விரலை ஓட்டிக்கொண்டே எங்கள் நன்னி சொல்லித் தந்த பாடம் அது! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்றல்லவா நாங்கள் அவரை எண்ணியிருந்தோம்? தமிழ் எழுத்தில் கையொப்பம் இடத் தெரியாதவர்தாம். ஆனால் அவருடைய தகரப் பெட்டியில் இத்தகைய புத்தகங்கள் ஆறேழு இருந்தன. ஒவ்வொரு நாளும் மக்ரிபுக்குப் பின் அவற்றில் ஒன்றை மடியில் வைத்து அவர் முணுமுணுத்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

1994-இல் நன்னி வஃபாத்தானார். நான் ஆலிம் பட்டம் பெற்று வந்த புதிது. அரபுக் கிதாபுகளும் உர்தூக் கிதாபுகளுமே கல்வி என்ற எண்ணம் என் தலையில் ஏறியிருந்த காலம். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பூச்சி அரித்த தாள்கள். ‘பெண்கள் படிக்கும் பழைய ஏடுகள்’ என்று எண்ணினேன். புனித எழுத்து காலில் மிதிபடலாகாதே என்று வெள்ளைத் துணியில் சுற்றி, கபரஸ்தானின் ஒரு மூலையில் குழி தோண்டி என் கையாலேயே அடக்கம் செய்தேன். மரியாதையுடன்தான் அடக்கம் செய்தேன். ஆனால் ஒரு பக்கத்தைக்கூடப் படித்துப் பார்க்காமல் அடக்கம் செய்தேன். அவற்றின் ஓரங்களில் நன்னி எழுதி வைத்த குறிப்புகள் இருந்தனவா? எங்கள் குடும்பத்தாரின் பிறப்பும் இறப்பும் அவற்றில் பதிந்திருந்தனவா? இனி யாரிடம் சென்று கேட்பேன்?

நான் அழுததைக் கண்ட காக்கா ஒன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை மூடி என் கையில் வைத்தார். ‘இதை வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன், ஆலிம்சா, இது எங்கள் உம்மாவுடையது. ஆனால் இன்றிரவு இங்கேயே தங்கிப் படித்துவிட்டுப் போங்கள்’ என்றார். இஷாவுக்குப் பின் நள்ளிரவு வரை அவர் எழுத்தைக் காட்டிச் சொல்ல, நான் படித்தேன்.

நாடுகளைச் சுற்றிப் பார்த்து முன்னோரின் வரலாற்றிலிருந்து படிப்பினை பெறுமாறு திருமறை நமக்குப் பல இடங்களில் அறிவுறுத்துகிறது. ஆதலால் ஃபாஸ் நகருக்குச் செல்ல வசதி பெற்றவர்கள் தாராளமாகச் செல்லுங்கள். அது அறிவைத் தரும் பயணம். அதற்கு முன்போ பின்போ ஒரு நாளைக் கீழக்கரைக்கும் ஒதுக்குங்கள். உள்ளூரில் விவரம் அறிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு செல்லுங்கள். தொழுகை நேரங்களை அனுசரித்து நடங்கள். தெருக்களில் பெண்கள் இருக்கும் பக்கம் படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று உங்கள் வீட்டிலேயே காத்திருக்கிறது. கோவை கோட்டைமேட்டிலும் பொள்ளாச்சியிலும் உடுமலைப்பேட்டையிலும் தாராபுரத்திலும் பல்லடத்திலும் பழைய வீடுகளை இடித்துப் புது வீடு கட்டும் அன்பர்களே! பரணிலிருந்து இறங்கும் பெட்டியை அடக்கம் செய்வதற்கு முன்னால் திறந்து பாருங்கள். அரபு எழுத்தில் உள்ளதெல்லாம் அரபு மொழி என்று எண்ணிவிடாதீர்கள். கூட்டிப் படித்துப் பாருங்கள். உள்ளிருந்து தமிழ் பேசினால் அது உங்கள் பாட்டியின் குரல். உங்கள் ஊர் ஆலிமிடம் கொண்டு சென்று காட்டுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியவில்லையென்றால், அவரும் கற்றுக்கொள்ளட்டும். நானும் ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

குனியமுத்தூர்ப் பிள்ளை நான் சொன்னவற்றையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘ஹஜ்ரத், எங்கள் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது’ என்றார். மறுவாரமே அதை இறக்கினோம். மூன்று புத்தகங்கள் கிடைத்தன. இப்போது வியாழன்தோறும் இஷாவுக்குப் பின் அந்த வீட்டில் ஒவ்வொரு பக்கமாகப் படித்து வருகிறோம். பெரியம்மா திரைக்குப் பின்னிருந்து எங்கள் உச்சரிப்பைத் திருத்துகிறார்.

நம் முன்னோர்களின் உழைப்பை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கும் ஆர்வத்தை நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக! ஆமீன்.